காஸ்த்ரோ அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நாவல் ஒருவழியாக அச்சுக்குப் போய்விட்டது. இடையில் அதற்காக எழுதிவைத்த குறிப்புகள் போய்விட்டது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பக் கிளறப் போவதில்லை. கை இன்னும் நடுங்குகிறது, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, சிலி நாட்டின் சிலோயே தீவில், காஸ்த்ரோவில் நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் குறிப்புகள் போன செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே வாட்ஸப்பில் கதைகளை முதலிலிருந்து பேசி அனுப்ப ஆரம்பித்தார். அவருக்கு இரவு, எனக்கு விடியற்காலை. தகரக் கூரையில் மழை, உருளைக்கிழங்கு சீவும் கத்தி, நடுவில் "இரு, அடுப்புக்கு விறகு வைத்துவிட்டு வருகிறேன்." அப்புறம் விட்ட இடத்திலிருந்து கதை. கடல் பாம்பு காய்காய் வெள்ளத்தை ஏவியது, நிலப் பாம்பு தென்தென் குன்றுகளை உயர்த்தி மனிதர்களைக் காத்தது, மூழ்கியவர்கள் மீனாகவும் கடற்சிங்கமாகவும் ஆனது. கடல் தேவதை பின்கோயா கடலைப் பார்த்து ஆடினால் மீன் கொழிக்கும், முதுகைக் காட்டினால் வலை காலி.

இதெல்லாம் புத்தகங்களிலும் கிடைக்கும். 1960 மே 22 அன்று 9.5 அளவில் பூமி குலுங்கி, கடல் உள்வாங்கித் திரும்பி வந்தபோது, கைக்குழந்தையாக இருந்த இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு இவருடைய தாயார் மேட்டுக்கு ஓடியது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? "காய்காய் எழுந்துவிட்டது" என்று கத்திக்கொண்டே ஓடினாராம். என் பிரளய அத்தியாயம் இப்போது அந்த ஓட்டத்தில்தான் தொடங்குகிறது.

ஸ்பானிஷை வரிவரியாகச் சொல்லித் தந்த தோழி, மெய்ப்புப் பார்த்தவர்கள், பணம் அனுப்பிவிட்டுத் திருப்பிக் கேட்காதவர்கள், எல்லோருக்கும் நன்றி. இதைக் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப் போடச் சொன்ன நண்பர்களுக்கும்தான். மன்னிக்கவும், போடவில்லை. அது அந்தத் தீவின் கதை; அங்கேயே இருக்கட்டும்.

அம்மாவிடம் பணம் என்று பேச்செடுத்தேன். சிரித்தார். அங்கே ஒருவர் வீட்டை இடம் மாற்ற வேண்டுமென்றால் ஊரே கூடி, மரக்கட்டைகளை உருட்டி, மாடு பூட்டி, வீட்டை அப்படியே இழுத்துப் போவார்கள். மிங்கா என்பார்கள். கூலி கிடையாது. வீட்டுக்காரர் வயிறார சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். "உன் வீட்டையும் இழுத்தாயிற்று, சாப்பாடு பாக்கி" என்றார்.

சரி, பாக்கியைத் தீர்க்கப் போகிறேன். முதல் பிரதியோடு காஸ்த்ரோ போய், அவர் தோட்டத்து உருளைக்கிழங்கிலேயே பொரியல் செய்து போடுவேன். காரம் குறைத்து.