தடுப்பூசிக்குப் பின் தோள்வலி: எந்தக் கை, எந்த நாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஃப்ளூ ஊசிக் காலம் வந்துவிட்டால், மருந்துக்கடையில் சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டுபவர்கள் பலர். கோளாறு அங்கேயே தொடங்குகிறது. தோளெலும்பு நுனிக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் நடுவில் இறங்க வேண்டிய ஊசி, மேலே ஏறி மூட்டையொட்டிய நீர்ப்பையில் இறங்கிவிடுகிறது. சட்டையின் கைப்பகுதியை முழுக்கச் சுருட்டிவிட்டு உட்காருங்கள். போடுபவரும் உட்கார்ந்து போடட்டும். சாதாரண ஊசிவலி சில நாளில் போகும். இடம் மாறி இறங்கிய ஊசியின் வலியோ தலைசீவக் கையைத் தூக்க விடாது.

இதற்கு இழப்பீடு உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த தடுப்பூசிப் பாதிப்புத் திட்டத்தின் பட்டியலில் 2017 மார்ச் முதல் தோள்காயமும் இருக்கிறது. வாஷிங்டனிலுள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில், சுகாதாரத் துறைச் செயலரை எதிர்த்தரப்பாகக் காட்டி மனுப் போட வேண்டும். ஊசி போட்டவரின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. முன்பு அந்தத் தோளில் தொல்லை இருந்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் வலி வந்திருக்க வேண்டும். அது அந்தத் தோளோடு நிற்க வேண்டும். வலிக்கு வேறு காரணம் இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

பலர் சறுக்குவது அந்த 48 மணிக் கணக்கில். தைலம் தேய்த்து நான்கு மாதம் ஓட்டிவிட்டு டாக்டரிடம் போனால், 'சில மாதங்களாகத் தோள்வலி' என்று எழுதிவிடுவார். எந்தக் கை, எந்தத் தேதி, வலி எப்போது தொடங்கியது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி, குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். மருந்துக்கடைப் பதிவையும் வாங்கிப் பாருங்கள். இடது வலது மாறியிருப்பதுண்டு. நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஊசியே இல்லாமலும் தோள் இறுகும் என்பதால் எதிர்த்தரப்பு அதைக் காரணமாகக் காட்டக்கூடும். தடுப்பூசிப் பக்கவிளைவுகளைப் பதியும் வேர்ஸ் (VAERS) என்ற அரசுப் பதிவேட்டில் புகார் பதிந்தால் அதுவே மனு என்று நினைப்பவர்களும் உண்டு. அது வெறும் கண்காணிப்புக் கணக்கு.

வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். மருத்துவச் செலவும் சம்பள இழப்பும் தனி. நியாயமான அடிப்படையில் போட்ட மனு தோற்றாலும் வழக்கறிஞர் கட்டணத்தைத் திட்டமே தரும். இழப்பீட்டில் பங்கு கேட்கும் வழக்கறிஞரை விட்டு விலகுங்கள், சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

ஷிங்கிள்ஸ் (அக்கி) ஊசியும், ஊருக்கு வரும்முன் போடும் டைபாய்டு ஊசியும் இதில் அடங்கா. கோவிட் ஊசிக்கு வேறு திட்டம்: ஊசி போட்டதிலிருந்து ஓராண்டுதான் கெடு. அதில் வேதனைக்கும் பணமில்லை, வழக்கறிஞருக்கும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூ ஜெர்சி