நான்கு சக்கரமும் நாற்பது நிறுத்தமும்: தோழிக்கு ஒரு கடிதம்

போர்ட்லாண்ட், ஓரிகன்
செப்டம்பர் 14

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்து சேர்ந்தது. வேலை நாளில் அவசரமாக நான்கு வரி எழுதி அனுப்ப மனம் வராமல் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். உன் மகளுக்கு ஜியோகேச்சிங்கில், அதாவது ஜி.பி.எஸ். உதவியோடு ஒளித்துவைத்த டப்பாக்களைத் தேடும் விளையாட்டில், இவ்வளவு ஈடுபாடு வந்திருப்பதும், ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் உன் மாமியார் பேத்திக்குத் துணையாகக் கல்லிடுக்குகளில் டப்பா தேடுவதும் படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது. இங்கே மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். சனிக்கிழமைகளில் நாங்கள் இருவர் மட்டுமே கிளம்புகிறோம். என் வலது முழங்கால் மெல்லத் தேறிவருகிறது. நீ கேட்ட கேள்விக்கும் அந்த முழங்காலுக்கும் தொடர்பு உண்டு என்பதால் அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

பழைய செடானைக் கொடுத்துவிட்டு, மலைப்பாதைகளுக்கென்று உயரமான நான்கு சக்கர இயக்கப் பிக்கப் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கடன் வாங்குவது வரை பேச்சு போயிருப்பதால், மனதில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுகிறேன். முன்பணம் கட்டும் முன், நீங்கள் இதுவரை கண்டெடுத்த கேச்சுகளின், அதாவது அந்த டப்பாக்களின், புள்ளிவிவரப் பக்கத்தை ஜியோகேச்சிங் தளத்தில் ஒருமுறை திறந்து பார். தேடலின் கடினமும் நிலத்தின் கடினமும் 1 முதல் 5 வரை அரை அரைப் புள்ளியாக ஏறுவதால் அங்கே 81 கட்டங்கள் இருக்கும்; உங்கள் எண்ணிக்கை எந்தக் கட்டங்களில் குவிந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நான் பதினொரு ஆண்டுகளில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கேச்சுகளைக் கண்டெடுத்து உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதியிருக்கிறேன். அவற்றில் நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் போயிருக்கவே முடியாது என்று சொல்லத்தக்கவை முப்பதைக்கூடத் தொடவில்லை. மற்றவையெல்லாம் பூங்காக்களிலும், கடைவாசல் விளக்குக் கம்பத்தடியிலும், நெடுஞ்சாலைத் தடுப்புக் கம்பியின் பின்னாலும், சரளைச் சாலை முடிந்து நடைபாதை தொடங்கும் இடங்களிலும் இருந்தவைதான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பாட்டிமார் சொன்னது வண்டிக்கும் பொருந்தும்.

இந்த விளையாட்டு பிறந்த இடத்துக்கே எந்தக் காரிலும் போகலாம் என்பதை நினைத்துப் பார். பொதுமக்களின் ஜி.பி.எஸ். கருவிகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் எங்கள் ஊருக்குத் தெற்கே பீவர்கிரீக் அருகில் ஒரு கறுப்பு வாளியை வைத்துவிட்டு அதன் ஆயத்தொலைவுகளை வெளியிட்டார். இன்று அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. தார்ச்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி நான்கு எட்டு வைத்தால் அதைத் தொட்டுவிடலாம். கன்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்று ஒரு கேச் இருக்கிறதே, 2000 மே 11 அன்று வைக்கப்பட்டது, அதுவும் 70ஆம் எண் பெருஞ்சாலையை விட்டு இறங்கினால் உடனே கைக்கு எட்டிவிடும். இந்த இரண்டு இடங்களுக்கும் மக்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறார்கள், வருகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பக் காரில்தான் வருகிறார்கள்.

ஆகவே வண்டியை எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம் என்பதைவிட எத்தனை முறை நிறுத்துகிறோம் என்பதையே நான் முதலில் கேட்பேன். ஒரு நாளில் நாற்பது கேச் தேடினால் எண்பது முறை கதவு திறந்து மூடுகிறது. ஓட்டுநர், அருகில் இருப்பவர், பின்னால் இருப்பவர் என்று மூவருமே ஏறி இறங்குகிறீர்கள். என் முழங்கால் கெட்டதற்கு மருத்துவர் வேறு காரணங்கள் சொன்னாலும், அதன் வலியை நாள்தோறும் எனக்கு உணர்த்தியது தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும் அந்த ஒரு கணம்தான். இருக்கை இடுப்பு உயரத்தில் இருந்தால் உட்காருவது பக்கவாட்டில் சரிவதைப் போல எளிதாகிவிடும். அதைவிடத் தாழ்ந்தால் முழங்காலுக்குச் சுமை, உயர்ந்தால் கைப்பிடியைப் பற்றித் தொங்கி ஏற வேண்டும். நீ சொல்லும் பிக்கப்பில் உன் மாமியார் ஒரு நாளில் எத்தனை முறை ஏறுவார்? மூன்றாவது நிறுத்தத்திலேயே, "நீங்கள் போய் வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவார். அவரை வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டுத் தேடும் பயணம் உங்கள் மூவருக்குமே பாதிச் சுவைதான்.

கதவும் அப்படித்தான். எங்கள் முந்தைய வண்டி 2008ஆம் ஆண்டு ஹோண்டா எலிமென்ட். இந்தப் பொழுதுபோக்குக்காகவே செய்தார்களோ என்று எனக்கு இன்றும் தோன்றும். நடுத்தூண் இல்லாமல் இரு கதவுகளும் எதிரெதிர்த் திசையில் விரியத் திறக்கும், தரையில் கம்பளம் கிடையாது, சேற்றுக் காலோடு ஏறினாலும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். 2011க்குப் பிறகு அது வரவில்லை. இன்று அந்த வசதிக்கு மிக அருகில் வருவது தள்ளுகதவு வைத்த மினிவேன் என்பேன். டொயோட்டா சியன்னாவில் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வகையும் கிடைக்கிறது. மினிவேனைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதே. பவர் டிரெயில் எனப்படும், வரிசையாக அடுத்தடுத்து வைத்த கேச்சுகளைத் தேடிப் போகிறவர்கள் பலர் அதையே விரும்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்களிடம் இருப்பது பழைய சுபாரு அவுட்பேக். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 8.7 அங்குல இடைவெளியும், நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவும் காட்டுச் சரளைச் சாலைகளுக்குப் போதுமானவை. உங்கள் பாய்ஸியிலிருந்து அதிக தூரமில்லாத லெஸ்லி கல்ச் பள்ளத்தாக்குக்கு சென்ற ஜூனில் அதில்தான் போனோம். இறக்கம் செங்குத்தானது, சாலை நெடுக அலையலையாக வரிப்பள்ளம், இருபுறமும் எரிமலைச் சாம்பல் இறுகிய செம்பாறைகள். காய்ந்த நாளில் மெதுவாக ஓட்டினால் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அந்த வட்டாரத்துக் களிமண் நனைந்துவிட்டால் டயரில் அப்பிக்கொண்டு எந்த வண்டியையும் வழுக்கச் செய்யும், நான்கு சக்கர பிக்கப்பும் அங்கே தப்பாது. மழை பெய்தால் அன்று போகாமல் இருப்பதுதான் வழி. ஒன்று மட்டும் தெரிந்துகொள்: ஆல் வீல் டிரைவ் வேறு, லோ ரேஞ்ச் கியருடன் வரும் நான்கு சக்கர இயக்கம் வேறு. முன்னது வழுக்கலில் பிடிப்புத் தரும், பின்னது பாறைப்படிகளில் அங்குலம் அங்குலமாக ஏற உதவும். ஆல் வீல் டிரைவ் வாங்கினால் நான்கு டயர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும் என்பதையும், ஒன்று கிழிந்தால் சில வேளை நான்கையும் மாற்ற நேரிடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்.

டயர் என்றதும் நெவாடா நினைவுக்கு வருகிறது. 375ஆம் எண் சாலையை வேற்றுக்கிரகவாசிகள் நெடுஞ்சாலை என்று அந்த மாநிலம் 1996இல் பெயரிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். 98 மைல் நீளத்தில் இடையில் ரேச்சல் என்ற ஒரே ஒரு சிற்றூர். ஒரு கேச்சுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியிலேயே வரிசையாக அங்கே வைக்கப்பட்டவை ஆயிரத்தைத் தாண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் லாஸ் வேகாஸில் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போனோம். கிளைச்சாலை ஒன்றில் கூர்ங்கல் கிழித்து டயரின் பக்கவாட்டுச் சுவர் பிளந்துவிட்டது. டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியே இல்லை, ஒட்டுப்பசைப் புட்டி ஒன்றும் சிறிய காற்றடிப்பானும் மட்டும் இருந்தன. அந்தப் பசை ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும், பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. இரண்டரை மணி நேரம் கழித்து மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்தார். இருந்த தண்ணீரை மகனுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டு காத்திருந்த அந்த மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து முழு அளவு ஸ்டெப்னி இல்லாத வண்டியில் தார்ச்சாலையை விட்டு நான் இறங்குவதில்லை. மணிக்கு 50 மைலுக்கு மேல் போகக் கூடாத ஒல்லி டயர் நகருக்குச் சரி, அடுத்த பழுதுபார்ப்புக் கடை 80 மைல் தள்ளி இருக்கும் இடத்துக்குச் சரிவராது. அவுட்பேக்கின் டிக்கியடிப் பள்ளத்தில் முழு டயர் அடங்குகிறதா என்று அளந்து பார்த்த பிறகே அதை வாங்கினோம்.

நிறுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை ஒருபோதும் நிறுத்தாதே; ஓடி வந்த வண்டியின் அடியில் இருக்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குக் கொதித்திருக்கும், உங்கள் ஐடஹோவிலும் எங்கள் கிழக்கு ஓரிகனிலும் ஒரு பொறி போதும். சாலையோரத்தில் நிறுத்தினால் வண்டி முழுவதும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், குழந்தை வலப்பக்கக் கதவால்தான் இறங்க வேண்டும். காட்டுச்சாலை குறுகிப் பாதை அடைபட்டிருந்தால் திரும்பி வர இடம் வேண்டும். எங்கள் வண்டி திரும்ப முப்பத்தாறு அடி அகலம் போதும், நீளமான பிக்கப்புக்குப் பத்தடிக்கு மேல் கூடுதலாக வேண்டியிருக்கும், அது கிடைக்காமல் அரை மைல் பின்னோக்கியே ஓட்டி வந்தவர்களை நான் அறிவேன். மாலை மங்கும் வேளையில் தடுப்புக் கம்பியருகே நம்மைப் போன்ற முகங்கள் குனிந்து எதையோ தேடினால், கடந்து போகிறவர்களுக்கு ஐயம் எழுவது இயல்பு. ஒருமுறை காவலர் ஒருவர் நிறுத்தி விசாரித்தார், பெயர் எழுதும் காகிதச் சுருளைக் காட்டி விளக்கியதும் அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு பின்கண்ணாடியில் டிராவல் பக் எனப்படும், ஜியோகேச்சிங் தளத்தில் பதியத்தக்க தனி எண் கொண்ட ஒட்டுவில்லை ஒன்று ஒட்டினோம். அதிலுள்ள எண்ணைப் பார்த்துத் தளத்தில் பதியும் சக தேடுநர்களின் வணக்கமும் அவ்வப்போது வந்து சேர்கிறது.

உள்ளே வைக்கும் பொருள்கள் உனக்கே பழகிவிட்டன. தண்ணீர், டயர் காற்றழுத்தமானி, சிறு மண்வாரி ஆகியவை வண்டியை விட்டு இறங்கவே கூடாது. விரல்நுனி அளவுக் காந்த டப்பாவிலிருந்து தாளை உருவ ஒரு சாமணமும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கேச் பட்டியலையும் வரைபடத்தையும் வீட்டிலேயே போனில் பதிவிறக்கி வைத்துக்கொள்.

உண்மையில் நான்கு சக்கர இயக்கம் கேட்கும் கேச்சுகள் இருக்கின்றன, அவற்றின் அழகும் தனி. வருடத்துக்கு இரண்டோ மூன்றோ முறை அவற்றுக்கு ஆசைப்பட்டால் அந்தப் பாதை பழகியவர்களின் வண்டியில் கூடவே போவதுதான் நல்லது. தனியாக ஒரே வண்டியில் அங்கே போவது, எவ்வளவு பெரிய வண்டியானாலும், நான் சம்மதிக்கும் காரியம் அல்ல. உன் மகள் வளர்ந்து, வாரந்தோறும் அப்படிப்பட்ட பாதைகளையே தேடத் தொடங்கினால் அப்போது பிக்கப்பைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.

வரும் சனிக்கிழமை கார் கடைக்குப் போகும்போது மாமியாரையும் மகளையும் அழைத்துப் போ. விற்பனையாளர் என்ன சொன்னாலும் பரவாயில்லை, மூவரும் ஒவ்வொரு வண்டியிலும் பத்து முறை ஏறி இறங்குங்கள், டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். அக்டோபர் இரண்டாவது வாரம் எங்களுக்கு விடுமுறை. மழை இல்லையென்றால் ஜோர்டன் வேலியில் சந்தித்து, அங்கிருந்து இரண்டு வண்டிகளாக லெஸ்லி கல்ச்சுக்குப் போகலாம். போன முறை எனக்குக் கிடைக்காமல் போன ஒரு கேச் அங்கே இருக்கிறது, உன் மகளின் கண்ணுக்கு அது தப்பாது என்று நினைக்கிறேன். எந்த வண்டி என்று முடிவானதும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி