ஒரே ஆளாகத் தூக்க முடிந்ததை வாங்கு

அன்புள்ள கண்ணா,

உன் மெயில் வந்தது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறாய், அதிலும் ஒரே கேள்விதான். டெலஸ்கோப்பில் 130 மில்லிமீட்டர் வாயுள்ள டிரிப்லெட் (மூன்று லென்ஸ் சேர்ந்தது) வாங்கலாமா, 100 போதுமா? நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? சரி, விடு. அப்பாவுக்குக் கண் பரவாயில்லை, சொட்டு மருந்து இன்னும் நிறுத்தவில்லை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

100 வாங்கு. ஏன் என்று சொல்கிறேன்.

130 டிரிப்லெட்டின் குழாய் மட்டுமே ஒன்பது, பத்து கிலோ வரும். குழாயைப் பிடிக்கும் வளையம், மவுன்ட்டில் மாட்டும் டவ்டெயில் பட்டை, கேமரா, நட்சத்திரத்தைத் தொடரும் கைடு ஸ்கோப் எல்லாம் ஏறினால் பதின்மூன்றைத் தொடும். படம் எடுப்பதற்கு, மவுன்ட் (குழாயை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் தாங்கி) தாங்கும் என்று கம்பெனி போட்டிருக்கும் எடையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் ஏற்ற வேண்டும். அப்படியானால் இருபது கிலோ தாங்கும் மவுன்ட்டாவது வேண்டும். அந்த வகை மவுன்ட்டின் தலை மட்டும் பதினாறு, பதினேழு கிலோ. ட்ரைப்பாட் ஏழெட்டு. எதிர் எடைகள் ஒவ்வொன்றும் ஐந்து. இதையெல்லாம் இருட்டில், சமதளமில்லாத இடத்தில், வண்டியிலிருந்து இறக்கி ஏற்றுவது யார்? பழைய மவுன்ட்டை நீங்கள் இரண்டு பேருமாகத்தான் தூக்கினீர்கள். உன் இடுப்புக்கு டாக்டர் சொன்னதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. எதிர் எடை தேவைப்படாத ஹார்மானிக் மவுன்ட் இருக்கிறதே என்பாய். மவுன்ட்டின் எடை குறையும், உண்மைதான். ஆனால் நீளக் குழாயைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகை இறுக்குகிற வேலை குறையாது. அந்த வகை மவுன்ட்டுக்கு கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நகர்வைத் திருத்துவது) இல்லாமல் படமும் வராது.

சுமை ஒரு பக்கம் இருக்கட்டும், உன் கேமராவுக்கே 130 பொருந்தாது. அதன் பிக்சல் 3.76 மைக்ரான். 206.265-ஐ பிக்சல் அளவால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்துப் பார். எஃப் எண் என்பது குவியத்தூரத்தை வாயின் அளவால் வகுத்தது. 130 எஃப்/7 என்றால் 910 மி.மீ., பிக்சலுக்கு 0.85 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600-ஆக வகுத்ததில் ஒன்றுதான் ஆர்க்செகண்ட்) வருகிறது. காற்றின் கலக்கமே பல இரவுகளில் இரண்டு, மூன்று ஆர்க்செகண்டுக்கு நட்சத்திரத்தைக் கரைத்துவிடும். பிறகு அந்த 0.85-ஐ வைத்து என்ன பிடிக்கப் போகிறாய்? 100 எஃப்/5.5 என்றால் 550 மி.மீ., பிக்சலுக்கு 1.41. உன் வானத்துக்கு இது சரியான அளவு. கைடிங்கில் மொத்தப் பிழை ஒரு ஆர்க்செகண்டுக்குள் இருந்தாலே நட்சத்திரம் உருண்டையாக வரும். படத்தில் அடங்கும் வானச் சட்டமும் பெரியது. ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 550-க்கு அகலம் சுமார் இரண்டரை டிகிரி கிடைக்கும், 910-க்கு ஒன்றரைதான். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி மூன்று டிகிரி நீளம். சட்டத்தின் மூலைவிட்டத்தில் வைத்தால் 550-இல் ஓரளவு அடங்கிவிடும், 910-இல் கையும் காலும் போய்விடும்.

பெரிய வாய் என்றால் அதிக ஒளி என்று நினைக்கிறாய். கண்ணால் பார்ப்பதற்கு அது சரி, 100-ஐ விட 130 கிட்டத்தட்ட 1.7 மடங்கு ஒளி வாங்கும். நெபுலா (வான்முகில்) மாதிரி பரந்த பொருளைப் படமெடுக்கும்போது ஒவ்வொரு பிக்சலிலும் விழும் ஒளியை எஃப் எண்தான் தீர்மானிக்கிறது. எஃப்/5.5-இல் ஒரு மணி நேரம் எடுத்ததற்குச் சமமாக எஃப்/7-இல் ஒரு மணி முப்பத்தேழு நிமிடம் எடுக்க வேண்டும். ஏற்கனவே உன் படங்களின் நேரமெல்லாம் இரவு இரண்டு, மூன்று என்றுதான் இருக்கிறது. வேலைக்கும் போய்க்கொண்டு எப்போது தூங்குகிறாய்?

ஓரியன் நெபுலா படம் பார்த்தேன். நடுப்பகுதி வெளுத்துப் போகாமல், டிரப்பீசியத்தின் நான்கு நட்சத்திரங்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. குறுகிய எக்ஸ்போஷரைத் தனியாக எடுத்துச் சேர்த்திருக்கிறாய், சரிதானே? யாரும் சொல்லித் தராமல் செய்திருக்கிறாய். அப்பாவிடம் காட்டினேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

கார்த்திகைக் கூட்டத்தின் படத்தில்தான் இப்போதைய லென்ஸின் குறை தெரிகிறது. அதிலுள்ள மெரோப்பி நட்சத்திரத்தைச் சுற்றி நிஜமாகவே நீல நெபுலா உண்டு. உன் படத்தில் எது நெபுலா, எது லென்ஸ் சிந்திய நீலம் என்று பிரிக்கவே முடியவில்லை. உன்னுடையது போன்ற சாதாரண அக்ரோமேட் லென்ஸ் இரண்டு நிறங்களைத்தான் ஒரே இடத்தில் குவிக்கும், ஊதாவும் அடர்நீலமும் விலகிப் போய்ப் படலமாகப் பரவும். மூன்று நிறங்களை ஒன்றாகக் குவிப்பதுதான் அபோக்ரோமேட். எர்ன்ஸ்ட் ஆபே வகுத்த இலக்கணம் அது. ஆனால் இன்று குழாயில் 'அபோ' என்று அச்சடிக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை, அதை மட்டும் நம்பி வாங்காதே.

கண்ணாடியின் பெயரைக் கேள். எஃப்.பி.எல்.-53, அதற்கு இணையான எஃப்.சி.டி.-100 இரண்டுக்கும் ஆபே எண் 95-ஐ ஒட்டி இருக்கும். எஃப்.பி.எல்.-51-க்கும் எஃப்.சி.டி.-1-க்கும் 81-க்குச் சற்று மேல். சாதாரண பி.கே.-7 கண்ணாடிக்கு 64. எண் கூடக் கூட நிறம் குறைவாகச் சிதறும். அதற்காகப் பெயரைப் பார்த்தே மயங்கிவிடாதே. அந்தக் கண்ணாடியோடு ஜோடி சேரும் மற்றக் கண்ணாடி எது, எவ்வளவு ஒழுங்காகத் தேய்த்திருக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நன்றாகத் தேய்த்த 51 டிரிப்லெட், அரைகுறையாகத் தேய்த்த 53-ஐத் தோற்கடிக்கும். ஸ்ட்ரெல் (1 என்றால் குறையே இல்லாத லென்ஸ்) 0.95 என்று சான்றிதழ் தந்தால் எந்த அலைநீளத்தில் அளந்தது என்று கேள். பச்சையில் மட்டும் அளந்திருந்தால் நீலத்தைப் பற்றி அது எதுவுமே சொல்லாது.

எஃப்/7-க்கு மேல் உள்ள நல்ல டப்லெட் (இரண்டு லென்ஸ்) கண்ணால் பார்க்க அருமையாக இருக்கும், எடை குறைவு, சீக்கிரம் குளிர்ந்துவிடும். உனக்குப் படம்தான் முக்கியம், அதனால் டிரிப்லெட். பின்பக்கமும் லென்ஸ் உள்ள பெட்ஸ்வால் வகையில், ஓரங்களிலும் நட்சத்திரத்தைக் கூர்மையாக்கும் ஃபிளாட்னர் உள்ளேயே இருப்பதால் அதற்கும் கேமராவுக்கும் நடுவே இடைவெளித் தலைவலி கிடையாது, ஆனால் உள்ளே ஏதாவது நகர்ந்துவிட்டால் நீயே சரிசெய்ய முடியாது. ஒன்றை மட்டும் மறக்காதே. பெட்ஸ்வாலில் சூரியனைப் பார்க்கப் பின்னால் மாட்டும் ஹெர்ஷல் வெட்ஜ் போடவே கூடாது, பின்பக்க லென்ஸில் குவியும் சூடு அதை உடைத்துவிடக்கூடும். எந்த டெலஸ்கோப்பாக இருந்தாலும் ஐபீஸில் திருகுகிற சூரிய ஃபில்டர் வேண்டாம். வாயை முழுதாக மூடும் ஃபில்டர்தான், அதையும் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டு.

ஃபோகஸரில் கஞ்சத்தனம் பார்க்காதே. உராய்வில் ஓடும் க்ரேஃபோர்டு வகை மென்மையாக நகரும், ஆனால் இரண்டு கிலோ கேமராவும் ஃபில்டர் வீலும் தொங்கும்போது வழுக்கும். உனக்குப் பல்சக்கரத்தில் ஓடும் ரேக் அண்ட் பினியன்தான். வந்த அன்றே கேமராவை மாட்டிக் குழாயை நேர் மேலே பார்க்க வை, நிலைத் திருகை இறுக்காமல் குமிழைத் திருப்பிப் பார். சுமையோடு ஏறி இறங்க வேண்டும், கையை எடுத்ததும் நிற்க வேண்டும். எஃப்/5.5-இல் ஃபோகஸ் நிற்கும் ஆழம் 80 மைக்ரான் அளவுதான், தலைமுடி கனம். அலுமினியம் ஒரு மீட்டருக்கு டிகிரிக்கு 23 மைக்ரான் சுருங்கும். 550 மி.மீ. குழாய் பத்து டிகிரி குளிர்ந்தால் குழாயால் மட்டுமே 125 மைக்ரான் விலகிவிடும். சாயங்காலம் வைத்த ஃபோகஸ் நள்ளிரவில் இருக்காது. இரண்டு டிகிரிக்கு ஒருமுறை திரும்ப வை, அல்லது மோட்டார் ஃபோகஸர் போட்டுவிடு. அது போட்டால் நடுவில் கொஞ்சம் கண்ணயரவாவது முடியும்.

ஃபிளாட்னரிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. என்று போட்டிருந்தால் அதுதான் தொடக்கம். நடுவில் ஃபில்டர் வந்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, 2 மி.மீ. ஃபில்டருக்கு 55.7. அதன் பிறகு அரை மி.மீ. வளையங்களைச் சேர்த்தும் எடுத்தும் பார்க்க வேண்டியதுதான். நான்கு மூலைகளிலும் நட்சத்திரம் ஒரே மாதிரி இழுத்திருந்தால் இடைவெளியில் தப்பு. ஒரு பக்கம் மட்டும் இழுத்திருந்தால் சாய்வு, அதற்கு வளையம் மாற்றிப் பயனில்லை.

வாங்கியதும் நட்சத்திரச் சோதனை செய். டிரிப்லெட் வெளியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆறட்டும், அதற்குள் அவசரப்பட்டுக் குறை சொல்லாதே. 150 மடங்கு பெருக்கம் வைத்து, உச்சிக்கு அருகே பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, ஃபோகஸை உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் தள்ளிப் பார். இரண்டு பக்கமும் வளையங்கள் ஒரே மாதிரி, ஒரே மையத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் லென்ஸ் மையம் விலகியிருக்கிறது. முக்கோணமாகத் தெரிந்தால் குளிரில் லென்ஸ் கூடு சுருங்கிக் கண்ணாடியைக் கவ்வுகிறது. இரண்டுக்கும் நீ திருகாணியைத் தொடாதே, திருப்பி அனுப்பு. பனி படிந்தால் துடைக்காதே, பனிக்கவசத்தில் ஹீட்டர் பட்டை சுற்று. ஈரத்தோடு மூடி போட்டுப் பெட்டியில் வைத்தால் பூஞ்சை வந்துவிடும், வீட்டுக்குள் திறந்து உலரவிட்ட பிறகே மூடு.

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். சிவப்பு ஹெட்லாம்ப் ஒன்று, மடக்கு நாற்காலி ஒன்று என்று போட்டிருக்கிறாய். நான் எதுவும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல். ஆனால் ஒரே ஆளாகத் தூக்க முடிந்ததை வாங்கு. 100 டிரிப்லெட் ஐந்து, ஆறு கிலோ. அதுவும் கனம் என்று பட்டால் 80 எடு, மூன்று, மூன்றரை கிலோதான், கூச்சப்பட எதுவுமில்லை. தனியாகப் போகிற இடத்தை முதலிலேயே யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. முடித்ததும் விடியற்காலை தூக்கத்தோடு வண்டியை எடுக்காதே, சீட்டைச் சாய்த்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்பு.

ஆர்டர் போடும் முன் எந்த மாடல் என்று எனக்கு அனுப்பு, ஃபிளாட்னரின் இழை அளவையும் சேர்த்து அனுப்பு, உன் கேமராவுக்கு எந்த அடாப்டர் என்று கணக்குப் போட்டு வைக்கிறேன். வந்த பிறகு, அடுக்காத ஒற்றை ஃப்ரேம் ஒன்றை அப்படியே அனுப்பு, மூலைகளைப் பார்த்துச் சொல்கிறேன். போனும் பண்ணு. டெலஸ்கோப்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை.

அம்மா