குளத்தங்கரை இலுப்பைத் தோப்பு: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் இயற்கை ஆர்வலர் சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். செயற்குழு மாதம் ஒரு முறை கூடியது. கார்த்திகைக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. ஃபெங்கல் புயலை ஒட்டிப் பெய்த மழையில் சம்பா வயல்கள் மூழ்கிக் கிடந்தபோது யாரையும் கூட்டத்துக்கு அழைக்க மனம் வரவில்லை. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம். இரவு வேலைக்குச் சலிக்காமல் வந்தவர்கள் அவர்கள்தான்.

முதலில் ஓர் இரங்கல். குளத்தங்கரைத் தோப்பைப் பல காலம் காவல் காத்த பெரியவர் கடந்த தை மாதம் காலமானார். அவர் நம் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, சந்தா கட்டியதும் இல்லை. ஆனால் இந்த அறிக்கையில் நான் சொல்லப்போகும் வேலை முழுவதும் அவர் சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியது. அதனால் அவருக்காக இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, நம் குளத்தங்கரையில் இருந்த இலுப்பை மரங்களில் பாதி வேரோடு சாய்ந்தன. நம் தாத்தாக்களின் தாத்தா காலத்து மரங்கள். கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரங்கள். அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் நம் சங்கம். முதல் மூன்று வருஷமும் கிடைத்த கன்றையெல்லாம் நட்டோம். தூங்குமூஞ்சி, மே ஃபிளவர், நாட்டு வாதுமை என்று எது சீக்கிரம் வளருமோ அதுவெல்லாம் வந்தது. நிழல் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் தோப்பில் மிஞ்சி நின்ற இலுப்பைகள் பூத்தும் காய்ப்பு குறைவாகவே இருந்தது. தானாக முளைத்த கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மண்ணைக் குறை சொன்னோம், மழையைக் குறை சொன்னோம்.

பெரியவரிடம் கேட்டபோது அவர் சொன்னார்: “வௌவால் போயிடுச்சு தம்பி, அப்புறம் எங்கேருந்து முளைக்கும்?”

இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை, அந்த ஒரு வரி உண்மைதானா என்று மரத்தடியில் உட்கார்ந்து பார்த்ததுதான்.

இலுப்பை மாசியில் இலையை உதிர்க்கும். பங்குனியில் செம்பு நிறத் தளிரோடு கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூ சதைப்பற்றாக, வெண்ணெய் நிறத்தில், தலைகீழாகத் தொங்கும். அதன் வாசனை மல்லிகை மாதிரி நமக்காக வைத்தது இல்லை, சிலருக்குப் பிடிக்காதுகூட. இரவில் வருபவருக்கான வாசனை அது. பொழுது சாய்ந்து அரை மணி நேரத்துக்கெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் வந்துவிடும். நம் ஊரில் பார்த்தது இரண்டு வகை. ஒன்று, இறக்கையை விரித்தால் நாலடி இருக்கும் பெரிய வௌவால். இன்னொன்று, உள்ளங்கையில் அடங்கும் குறுமூக்கு வௌவால்.

சிவப்புக் காகிதம் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் பிள்ளைகள் கவனித்ததைச் சொல்கிறேன். வௌவால் கொத்தின்மேல் இறங்கி, இனிப்பான அல்லியை, அதாவது பூவின் சதைப்பற்றான இதழ்ப் பகுதியை, வாயால் கவ்வி இழுத்துத் தின்கிறது. அல்லி போய்விடும், பின்னால் காயாக மாறும் சூலகம் கிளையிலேயே நிற்கும். அதன் தண்டு பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், முந்தின மரத்தில் மூஞ்சியிலும் நெஞ்சு ரோமத்திலும் ஒட்டிய மகரந்தம் அதில் படுகிறது. வௌவால் பூவைத் தின்று அழிக்கிறது என்று நாம் இத்தனை நாள் நினைத்தது தப்பு. மரம் தின்னக் கொடுப்பது அல்லியை மட்டும். காயாக வேண்டியது பத்திரமாக இருக்கிறது. “ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை” என்று மட்டமாகச் சொல்லிவிடுகிறோம். மரத்துக்கு அந்தச் சர்க்கரைதான் கூலி.

இன்னொரு பாதி வேலை ஆனியிலும் ஆடியிலும் நடக்கிறது. பழுத்த இலுப்பையை வௌவால் அந்த மரத்திலேயே உட்கார்ந்து தின்பது குறைவு. அங்கே ஆளுக்கு ஆள் சண்டை. அதனால் பழத்தைக் கவ்விக்கொண்டு பக்கத்துப் புளியமரத்துக்கோ வேம்புக்கோ போய், சதையை மென்று, சாற்றை விழுங்கி, சக்கையையும் கொட்டையையும் கீழே போடுகிறது. போன ஆனியில் கோயில் மதிலுக்குப் பின்னால் உள்ள புளியமரத்தடியில், சுற்றுவட்டத்தில் ஓர் இலுப்பைகூட இல்லாத இடத்தில், பளபளவென்று இலுப்பைக் கொட்டைகள் கிடந்தன. அதைக் கையில் அள்ளிக்கொண்டு பெரியவர் வீட்டுக்கு ஓடினோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அந்தக் காலத்தில் எண்ணெய்க்குக் கொட்டை பொறுக்குகிறவர்கள் இலுப்பை மரத்தடிக்கு மட்டும் இல்லை, வௌவால் உட்காரும் மரத்தடிக்கும் விடியற்காலையில் கூடையோடு போவார்களாம்.

இலுப்பைக் கொட்டையைச் சேமித்து வைக்க முடியாது, சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும். அதனால் பொறுக்கியதை அந்த வாரமே பைகளில் போட்டோம். முளைத்தவை எத்தனை, பட்டவை எத்தனை என்று பதிவேட்டில் இருக்கிறது. மேசைமேல் வைத்திருக்கிறேன், யாரும் பார்க்கலாம். மாதாமாதம் மாலையில் வௌவால்கள் மரத்தை விட்டுக் கிளம்பும்போது எடுத்த எண்ணிக்கையும் அதிலேயே இருக்கிறது. கஜாவுக்குப் பிறகு காணாமல் போன கூட்டம், குளத்தின் மேற்குக் கரை மருத மரங்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பெரிய வௌவாலில் ஒரு பெண் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். ஒரு புயலிலோ ஒரு வேட்டையிலோ குறைந்த கூட்டம் மீள வருஷக்கணக்கில் ஆகும் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

இதே வௌவால்களால் நமக்குள் ஒரு பெரிய வாக்குவாதமும் வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். 2018இல் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தது முதல் கேரளத்திலிருந்து அவ்வப்போது செய்தி வந்துகொண்டிருக்கிறது. 2024இலும் மலப்புரத்தில் உயிரிழப்பு நேர்ந்தது. அந்தச் செய்தி வந்த வாரம், மருத மரக் கிளைகளை வெட்டி வௌவால்களை விரட்ட வேண்டும் என்று சிலர் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், சின்னக் குழந்தை உள்ள வீடுகள் அவை. அந்த வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் விரட்டினால் கூட்டம் கலைந்து நாலு வீட்டுத் தோட்டங்களில் இறங்கும், அவ்வளவுதான். வௌவால் கடித்த பழத்தைத் தொட வேண்டாம், மற்ற பழங்களைக் கழுவித் தின்போம், விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னோம். நம் பிள்ளைகளுக்கும் அதே விதி: இரவுக் கவனிப்புக்கு மரத்துக்கு நேர் கீழே யாரும் நிற்பதில்லை, கொட்டை பொறுக்கும்போது கையுறை கட்டாயம். கையெழுத்து மனு அப்படியே நின்றுவிட்டது.

“வௌவாலை அடித்தால் கேஸ் இல்லை” என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கை, எலிகளோடு பழந்தின்னி வௌவாலையும் தொல்லை தரும் விலங்கு என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லுங்கள்.

அக்டோபர் 31 தீபாவளிக்கு மேலக்கரைத் தெரு முழுக்க வெடி வெடிக்கவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காக வெகு காலமாகப் பட்டாசைத் தவிர்த்துவருவதை அந்தத் தெருப் பெண்களிடம் சொன்னோம். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மத்தாப்போடு நின்ற குழந்தைகளுக்குச் சங்கத்தின் சார்பில் கடலை மிட்டாய் கொடுத்தோம். ஒரு குறை மட்டும் தீரவில்லை. குளத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும் மின்கம்பியில் பட்டு இந்த ஆண்டும் வௌவால்கள் செத்தன. குட்டியை நெஞ்சில் சுமந்தபடி கருகித் தொங்கியதை எங்கள் இரண்டு பேரால் இன்னும் மறக்க முடியவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இரண்டு மனு கொடுத்தும் பதில் இல்லை. மூன்றாவது மனுவில் பொதுக்குழு உறுப்பினர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

அடுத்து, வாய்க்கால் கரை அத்தி. நாம் நட்டதில் முதன்முதலாகக் காய்த்த மரம் இது என்பதால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பழத்தைப் பிட்டவர்கள் உள்ளே பூச்சி இருப்பதைப் பார்த்துவிட்டு, மருந்து அடிக்கலாமா என்று ஐப்பசிக் கூட்டத்தில் கேட்டார்கள். “அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு” என்பது பழமொழிதானே. மருந்து கூடவே கூடாது என்று செயற்குழு முடிவு செய்தது. காரணத்தை விவரமாகவே சொல்கிறேன். அத்தி பூக்காத மரம் இல்லை. நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள்தான் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. கொசுவைவிடச் சிறிய ஒரு குளவி, நுனியில் உள்ள துளை வழியாக, இறக்கை முறியும் அளவுக்கு நெருக்கிக்கொண்டு உள்ளே போகிறது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே செத்துவிடுகிறது. பிறகு பிறக்கும் ஆண் குளவிகளுக்கு இறக்கையே கிடையாது. இணைசேர்ந்து, பெண்கள் வெளியேற வழி குடைந்துவிட்டு அவையும் மடிகின்றன. பெண் குளவி மகரந்தத்தோடு பறந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ள ஆயுளுக்குள் வேறோர் அத்தியைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறொரு குளவி, அத்திக்கு இது. இந்தக் குளவி இல்லாவிட்டால் நம் அத்தியில் ஒரு விதைகூட முளைக்காது. குக்குறுவானும் மைனாவும் குயிலும் கூடும் அந்த மரத்தின் கீழ் நின்று பார்த்துவிட்டு, மருந்து கேட்ட அண்ணனே அடுத்த கூட்டத்தில் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மாமரத்துப் புல்லுருவி விஷயத்தில் ஒத்த கருத்து வரவில்லை. தோட்டம் வைத்திருப்பவர்கள் வெட்டத்தான் செய்வார்கள், மரம் நலிவது கண்ணெதிரே தெரிகிறது. அது நியாயம். தோப்பில் உள்ளதை மட்டும் விட்டுவைப்பது என்று இப்போதைக்கு முடிவு. பூங்கொத்தி என்கிற கட்டைவிரல் அளவுச் சிட்டு அந்தப் பழத்தை முழுசாக விழுங்கி, பசையோடு வெளிவரும் விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போவதை வேறெங்கே போய்ப் பார்ப்பது?

பள்ளிகளில் மூன்று வகுப்புகள் நடத்தினோம். படம் காட்டுவதை விட்டுவிட்டு, கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் புழுவைத் தேடச் சொன்னோம். அது பச்சையாக மாறி, கூட்டுப்புழுவாகி, பட்டாம்பூச்சியாக வெளிவந்த அன்று ஆறாம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்று டீச்சர் போன் செய்து சொன்னார். எருக்கில் வரிப்புழுவும், முருங்கைப் பூவில் தச்சுத் தேனீயும் அந்தப் பிள்ளைகளே கண்டுபிடித்தவை.

விலங்கு பரப்புவதெல்லாம் நமக்கு வேண்டியதாகவே இருக்கும் என்றும் இல்லை. ஆடு மேயும் மேட்டில் சீமைக் கருவேல் மறுபடி முளைத்திருக்கிறது. நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை சேதமில்லாமல் வந்துவிடுகிறது. கன்றாக இருக்கும்போதே பிடுங்க இரண்டு சனிக்கிழமை போனோம், இன்னும் பாக்கி இருக்கிறது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் கோரிக்கைகள் இவை. வெறும் நிழலுக்காக இனிக் கன்று வாங்குவதில்லை. எந்த மரத்தை நட்டாலும் அதற்கு யார் பூவுக்கு வருவார், யார் பழத்துக்கு வருவார் என்று தெரிந்துகொண்டு நடுவோம். மேற்குக் கரை மருத மரங்களில் யாரும் கிளை வெட்டாதபடி ஊராட்சியில் தீர்மானம் கேட்போம். வௌவால் போட்ட கொட்டையிலிருந்து வந்த இலுப்பைக் கன்றுகளை ஆடி மழைக்குப் பிறகு தோப்பின் காலியிடத்தில் நடுவோம். பூக்கப் பத்து வருஷம் போல ஆகும். முதல் கன்றைப் பெரியவரின் பேத்தி நட வேண்டும் என்பது என் தனிப்பட்ட விருப்பம், அந்த வீட்டில் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள்.

கொட்டை பொறுக்கும் வேலை ஆனி முதல் ஞாயிறு விடியற்காலை 5 மணிக்குப் புளியமரத்தடியில் தொடங்கும். கையுறையும் கோணிப்பையும் சங்கம் தரும். பதிவேட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்