பட்டனை அழுத்தினால் யார் வருவார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்கான அவசர அழைப்புக் கருவிகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படம், விலை எல்லாம் போட்டிருந்தீர்கள், நல்லது. ஆனால் இந்தக் கருவி ஒன்றை வாங்கி, திருப்பிக் கொடுத்து, இன்னொன்றை வாங்கி, ஆறு மாதம் அல்லாடியவள் என்பதால் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு 78 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில், தம்பி அமெரிக்காவில். போன ஆடியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. செல்போன் கூடத்தில், ஃபிரிட்ஜ் மேலே. ஏழு மணிக்கு வழக்கம்போல் நான் கூப்பிட்டபோது அது அடிப்பது அவருக்குக் கேட்டிருக்கிறது. "நீ மூணு தடவை அடிச்சே, எண்ணிக்கிட்டே கெடந்தேன்" என்று பிறகு சொன்னார். எட்டேகாலுக்குப் பூக்காரம்மா வந்து, வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கக் குரல் கொடுத்துப் பார்த்து, சந்தேகப்பட்டு, பக்கத்து வீட்டுப் பையனைச் சுவர் ஏறிக் குதிக்கச் சொன்னதால் மணிக்கட்டு முறிவோடு போயிற்று. வயதானவர்களுக்கு விழுவதைவிட விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் ஆபத்து என்று கட்டுப்போட்ட டாக்டர் சொன்னார். மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை நசுங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்குமாம். அதுவே பக்கவாதமாக இருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

செய்தி தெரிந்த மறுநாளே, அங்கே பாட்டிமார்கள் கழுத்தில் போட்டிருக்கும் பட்டன் டாலரை அனுப்பட்டுமா என்றான் தம்பி. அது அந்த ஊர் நெட்வொர்க்கையும் அந்த ஊர் கால் சென்டரையும் நம்பி இருப்பது, கும்பகோணத்துக்கு வந்தால் வெறும் டாலர்தான் என்று அவனுக்குப் புரியவைக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

சரி என்று இங்கேயே கிடைப்பதில் ஒன்றை வாங்கினோம். கூடத்தில் வைக்க ஒரு பெட்டி, கழுத்தில் போட ஒரு டாலர். பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் சிம் வழியாகக் கால் சென்டருக்குப் போகும், பெட்டியின் ஸ்பீக்கரிலேயே பேசலாம். அட்டையில் நூறு மீட்டர் வரை எடுக்கும் என்று போட்டிருந்தது. அது வெட்டவெளிக் கணக்கு. எங்களுடையது பழைய வீடு, திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகும், சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழம் கனம். அம்மா விழுந்த அதே இடத்தில் நான் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தேன். பெட்டியில் விளக்குகூட எரியவில்லை. பாத்ரூமிலிருந்து போயிற்று, ஆனால் எதிர்முனைக்காரர் பேசுவது பாத்ரூமுக்குள் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் அம்மாவைப் பெட்டிக்கு எதிரிலேயே நிறுத்தி அழுத்தச் சொன்னேன். "நான் கும்பகோணத்துலேருந்து பேசறேன், விழுந்துட்டேன், சும்மா டெஸ்ட்டு" என்றார். பதில் இந்தியில் வந்தது. அப்புறம் இங்கிலீஷில். அப்புறம் பாட்டு போட்டுவிட்டார்கள். தமிழ் தெரிந்தவர் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் இருப்பாராம்! கம்பெனி பேரைச் சொல்லவில்லை, பாதிப் பணமாவது திரும்பி வந்தது. வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அவர்களுடைய எண்ணுக்கு நீங்களே அடித்துத் தமிழில் பேசிப் பாருங்கள். எந்த விளம்பரத்தைவிடவும் அந்த ஒரு போன் கால் அதிகம் சொல்லிவிடும்.

அடுத்து சிம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விலை மலிவான கருவிகளில் பல 2ஜி என்கிற பழைய நெட்வொர்க்கில் மட்டும் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம்மைப் போட்டால் கருவி ஊமை. எந்த சிம் போட்டாலும் ரீசார்ஜ் தீர்ந்தால் அதே கதிதான், அம்மாவின் போன் என்றால் "பேலன்ஸ் இல்லேங்குதுடி" என்று நமக்குத் தெரிந்துவிடும், பெட்டிக்குள் இருக்கும் சிம் தீர்ந்தது யாருக்குத் தெரியும்? டேட்டா இல்லாமல் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் தனி ரீசார்ஜ் தர வேண்டும், அதை 365 நாள் வரை தரலாம் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. அப்படி ஒரு வருஷத்துக்குப் போட்டுவிட்டுக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். லேண்ட்லைனில் மாட்டும் வகையும் இருக்கிறது, ஆனால் லைன் ஃபைபருக்கு மாறிய வீடுகளில் கரண்ட் போனால் மோடமும் போகும், போனும் போகும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மதியம்வரை கரண்ட் நிறுத்தும் ஊரில் இதை யோசிக்க வேண்டாமா?

விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் வாட்ச் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது தடாலென்று விழும் வேகத்தையும் அதற்கப்புறம் அசைவில்லாமல் இருப்பதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தலை சுற்றினால் எங்கள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்காருவார், அப்படியே சாய்வார். வாட்ச் அதை உட்கார்ந்ததாக நினைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். தினமும் சார்ஜ் வேறு போட வேண்டும். உறவில் ஒரு பெரியப்பா கட்டியிருக்கிறார், அவர் ரிட்டையர்டு இன்ஜினியர், அவருக்குச் சரி.

இரண்டாவது கருவி கால் சென்டர் இல்லாதது. பட்டனை அழுத்தினால் நாம் பதிந்துவைத்த ஐந்து எண்களுக்கு வரிசையாக அடிக்கும். வாங்கிக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் டாலர் முருகர் படத்து ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. குளிக்கும்போது நனைந்துவிடும் என்று கழற்றினாராம், திரும்பப் போட மறந்தாராம். எனக்குக் கோபம் வந்தது, கத்தினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போனா, இந்தம்மா இன்னிக்கோ நாளைக்கோன்னு பாக்குறாங்கடி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் பக்கம் 90 வயதைத் தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது, கருவி கைவசம் இருந்தும், தனியாக விழுந்து எழ முடியாமல் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் அதை அழுத்தவே இல்லை. அந்த ஊரிலேயே அப்படி. நம் வீட்டுப் பெரியவர்கள் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்பதையே விரதமாக வைத்திருப்பவர்கள். கட்டுரையில் "பெற்றோருக்குப் பரிசளியுங்கள்" என்று இருந்தது. பரிசளிக்காதீர்கள் சார், கூட உட்காரவைத்துக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டதில்தான் எங்களுக்கு வழி கிடைத்தது. முதல் எண்ணாக நான் என்னுடையதைப் போட்டிருந்தேன். "நீ மெட்ராஸ்லேருந்து வந்து என்னைத் தூக்கறதுக்குள்ள விடிஞ்சிரும், வாசுகி அக்காவுக்குப் போடு" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு அக்காவை அவர் அக்கா என்பது தனிக் கதை, அக்காவுக்கு 52 வயதுதான். இப்போது முதல் எண் அக்கா, இரண்டாவது தெருமுனை ஆட்டோ அண்ணன், மூன்றாவதுதான் நான். டாலரை ஆணியிலிருந்து இறக்கி, புடவைக்குள் தெரியாத மாதிரி நீளமான கயிற்றில் கோத்தோம். அதோடு வயர் இல்லாத காலிங் பெல் இரண்டு வாங்கி, அம்மா தரையில் கிடந்தாலும் கை எட்டுகிற உயரத்தில் பாத்ரூமிலும் துவைக்கிற கல்லிடமும் பட்டனை ஒட்டினோம். பேட்டரியில் ஓடும் மணி அக்கா வீட்டு அடுப்படியில் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய் சமாச்சாரம். வாங்கியதிலேயே உருப்படியானது அதுதான்.

ஆனால் மணி அடித்து அக்கா ஓடிவந்தால் கதவு? இதை எந்தக் கம்பெனியும் நம்மிடம் கேட்பதில்லை. உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டாக மாற்றி, ஒரு சாவி அக்காவிடம். பாத்ரூம் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தது, உள்ளே ஆள் விழுந்தால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். 108-ஐ நான் சென்னையிலிருந்து அடித்தாலும் கும்பகோணத்துக்கு வண்டி கேட்கலாம், தம்பியால் அங்கிருந்து நேராக அடிக்க முடியாது, அதனால் அக்காவோ நானோதான். விலாசம், பக்கத்துக் கோவில், ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் எல்லாவற்றையும் தமிழில் பெரிதாக எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். 14567 என்று முதியோர் உதவி எண் ஒன்றும் இருக்கிறது. அது பென்ஷன், பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்க வேண்டும் என்கிற சட்டம், ஆலோசனை இவற்றுக்கு, காலை 8 முதல் இரவு 8 வரை. விழுந்தவுடன் அடிக்க வேண்டிய எண் அது இல்லை.

இத்தனைக்கும் அப்புறம் ஒன்று தீரவில்லை. பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் போகிறார். அந்தப் பத்து நாளும் எனக்கு லீவு இல்லை, அம்மா சென்னைக்கு வரமாட்டேன் என்கிறார், மாட்டுப் பொங்கலுக்கு வீடு பூட்டிக் கிடக்கக்கூடாதாம். இப்படிப்பட்ட நாட்களுக்கு மற்ற வாசகர்கள் என்ன ஏற்பாடு செய்கிறார்கள் என்று எழுதினால் உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை