அட்டை ஃபெர்ரிக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நம் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும், வெளியிலிருந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

லிஃப்டுக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஒன்று நிற்கிறதே, அது பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் பதினோரு பேர் பெட்டி அட்டையில் செய்த பினாங்கு ஃபெர்ரி, இங்கிருந்து தீவுக்கு ஆளையும் காரையும் ஏற்றிப் போன பழைய படகு மாதிரி. இடைஞ்சலுக்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர், அட்டை வாங்க லாரியில் வரும் பேப்பர் லாமா அங்கிளுக்குத்தான் பெரிய நன்றி. அவருக்குத் தமிழ் தெரியாது, இதைப் பிள்ளைகள் மலாயில் சொல்லிவிடுவார்கள். "பழைய பெட்டிதானே, கொஞ்சம் கொடுங்களேன்" என்று அவர் லாரியை மறித்தது நான். பதினான்கு பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அட்டையை அவர் கிலோ கணக்கில் விற்றுத்தான் பிழைக்கிறார் என்பது லாரி திரும்பிப் போன பிறகே என் மண்டைக்கு எட்டியது. அன்றைய வரும்படியில் ஒரு பங்கைச் சும்மா கேட்டிருக்கிறேன்! மறுநாள் காசு நீட்டினேன், கையை ஆட்டிவிட்டார்.

மளிகைக்கடை அண்ணன் மைலோ பெட்டிகளைக் கிழிக்காமல் எடுத்துவைத்தார். ஃபிரிட்ஜ் பெட்டி தருகிறேன் என்று மூன்று நாள் அலையவிட்ட இன்னொரு கடைக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மூன்றாம் மாடிப் பாட்டி கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார். முதல் நாள் மிஞ்சியதை மூடாமல் வைத்துவிட்டோம், காலையில் எறும்பு ஊர்வலம். அதற்குப் பிறகு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சினார், திட்டிக்கொண்டே.

தச்சு வேலை செய்யும் தம்பி ஒரு மாலை மட்டும்தான் வந்தார். அதற்கு முன் நாங்கள் மடித்த அட்டையெல்லாம் கோணலாக நசுங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஓரத்தைப் பிள்ளைகளின் கண்ணருகே பிடித்தார். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள். அந்த அலை ஓடும் போக்கில் மடித்தால் நேராக மடங்கும், குறுக்கே மடிப்பதென்றால் கரண்டிக் காம்பால் முதலில் ஒரு கோடு அழுத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஃபெர்ரியில் ஏற்றும் பொம்மைக் கார்களுக்கு, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியை அச்சாக்கி, போத்தல் மூடியைச் சக்கரமாக்கியதும் அவர் யோசனை.

ஃபெர்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவைப் பற்றி என்ன சொல்ல! பிள்ளைகள் முன்பக்கத்தைக் கூராக வெட்டியிருந்தார்கள். "இது என்ன, மீன் பிடிக்கிற சம்பானா?" என்றார். பழைய ஃபெர்ரிக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். கார் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கிப் போகும். அந்த இரட்டைத் தட்டு ஃபெர்ரிகள் 2020 கடைசியோடு நின்றுவிட்டன, இப்போது ஓடும் படகுகளில் கார் ஏறாது. சின்னதுகளுக்கு அவர் சொன்னதெல்லாம் கதை மாதிரி இருந்தது. மூக்கை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தார்கள். விளையாட்டு டிக்கெட்டும் அவர் சொன்ன பழைய ஃபெர்ரிக் கணக்குப்படிதான்: பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போக 1 வெள்ளி 20 காசு, திரும்பி வரச் சும்மா. ஆறு வயது வாண்டு ஒன்று தீவுப் பக்கமாகவே வந்து வந்து ஏறியது!

போன சனிக்கிழமை துண்டு துணுக்குகளையெல்லாம் ராஃபியாக் கயிற்றில் கட்டி அங்கிளிடம் கொடுத்தார்கள். தராசில் தொங்கவிட்டு நிறுத்து, இவர்கள் கையில் காசு வைத்தார். வேண்டாம் என்றால் விடவில்லை. பிறகு ஃபெர்ரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "இது எத்தனை கிலோ வரும்?" என்றார் மலாயில்.

பதினோரு பேரும் ஓடிப்போய் அதன் மேல் படுத்துக்கொண்டார்கள். மேல்தட்டு கொஞ்சம் அமுங்கிவிட்டது. பாட்டி, இன்னொரு சட்டி பசை வேண்டும்.