எமது மரணாதாரச் சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, கதவோரம் சாரலில் நனைந்துகொண்டு நிற்கும் தம்பிமாரே (உள்ளே கதிரைகள் காலியாகத்தான் இருக்கின்றன, வாருங்கள்),

மாதச் சந்தா சேர்த்து அங்கத்தவர் வீட்டு மரணங்களுக்கு உதவும் நம் சங்கத்தின் நிர்வாகக் குழு கடந்த ஆண்டில் ஒன்பது முறை கூடியது. பன்னிரண்டு முறை கூடியிருக்க வேண்டும். இரண்டு தேர்தல்களும் செயலாளரின் முழங்கால் வலியும் மூன்று கூட்டங்களை விழுங்கிவிட்டன. கணக்குகளைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கதிரைகளில் பதினொன்று உடைந்திருக்கின்றன. இரவல் கொடுத்த பெரிய அண்டா திரும்பி வந்துவிட்டது. அதன் மூடி வரவில்லை. எடுத்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் பெயர் சொல்லவில்லை.

ஆண்டில் ஏழு மரணங்கள். ஆறு வீடுகளுக்கு மூன்று நாட்களுக்குள் உதவித்தொகை கொடுக்கப்பட்டது. ஏழாவது மரணம் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அங்கத்துவ இலக்கம் 3. வயது 101. கச்சேரிப் பதிவில், அதாவது மாவட்ட அரச அலுவலகப் பதிவில், ஒரு பெயர் இருந்தது. அப்புத்தளைக் கடைவீதியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பெரியவர்களுக்கு அவர் பட்டாளத்தார், எங்களுக்குப் பட்டாளத் தாத்தா. 1923இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். 2023இல் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து 200 ஆண்டுகள் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அந்த 200 ஆண்டுகளில் சரிபாதியை இவர் ஒருவரே வாழ்ந்து முடித்திருந்தார். புறப்பட்ட நம் பையன்களிடம் அவர் வரலாறு எதுவும் பேசவில்லை. "காலுறைக்குள் குதிகால் படுகிற இடத்தில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொள், கொப்புளம் வராது" என்று சொல்லி, ஆளுக்கொரு சன்லைட் கட்டி கொடுத்தனுப்பினார். கொப்புளம் வரவில்லை என்று அவர்கள் வந்து சொன்னார்கள்.

தொழிற்சாலை லொறியில் கிளீனராக இருந்தவர் 1941இல் பட்டாளத்தில் சேர்ந்தார். லொறி ஓட்டத் தெரியும் என்று ஒரு பொய் சொல்லித்தான் சேர்ந்ததாக அவரே சொல்வார். ஓட்டக் கற்றது தியத்தலாவை இராணுவ முகாமில். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் திகதி திருகோணமலையை. அந்தக் காலையில் இவர் சீனன்குடாப் பக்கம் அரிசி மூட்டைகளுடன் நின்றார். வீரம் பற்றிக் கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "லொறிக்கடியில் படுத்தேன். சைலென்ஸர் சூடு முதுகில் சுட்டது. குண்டைவிட அதற்குத்தான் பயந்தேன்." எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்ததையும், இரவில் அந்த வெளிச்சத்திலேயே டயர் மாற்றியதையும் சொல்வார். அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானம்தாங்கிக் கப்பல் மூழ்கியதைப் பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாராம். 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தபோது அங்கே உருளைக்கிழங்கு இறக்கியதாகவும் சொல்வார். பிரபுவைப் பார்த்தீர்களா என்றால், "சமையற்காரனைப் பார்த்தேன், அவன்தானே முக்கியம்" என்பார்.

1946இல் கையில் ஒரு சிறு தொகையும் விடுவிப்புப் புத்தகமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போர்க்காலத்துக்கு மட்டும் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. அந்தப் புத்தகத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பழுப்பு அட்டை, ஓரத்தில் கறையான் கடித்த அரைவட்டம், உயரம், கண்ணின் நிறம், இடது புருவத்தில் தழும்பு. நடத்தை என்ற இடத்தில் "மிக நன்று" என்று ஒரு வெள்ளைக்காரர் சாய்வெழுத்தில் எழுதியிருக்கிறார்.

1947 பொதுத் தேர்தலில் வாக்களித்தார். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். அவருடைய தகப்பனார் திருச்சிப் பக்கத்திலிருந்து குழந்தையாக இடுப்பில் வந்தவர். 1949இல் இந்திய வம்சாவளியினர் பிரஜாவுரிமைக்கு மனுப்போட இன்னொரு சட்டம் வந்தது, 1951 ஆகஸ்ட் 5 வரை காலம் கொடுத்தார்கள். தாத்தா மனுவோடு விடுவிப்புப் புத்தகத்தின் பிரதியையும் இணைத்தார். மனு நிராகரிக்கப்பட்டது. 1952 தேர்தலில் அவர் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் இந்தத் தீவைக் காக்கச் சீருடை அணிந்தவர் அதே தீவில் நாடற்றவரானார். நான் இதற்கு மேல் எதுவும் எழுத முயலவில்லை. முயன்று கிழித்த தாள்கள் என் மேசையில் கிடக்கின்றன.

1964இல் நாடற்றவர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது தம்பி குடும்பம் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு கூடலூருக்குப் போய்விட்டது. இவரையும் அழைத்தார்கள். "இந்தியாவை நான் கப்பலில் நின்றுகூடப் பார்த்ததில்லை, அங்கே போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?" என்று கேட்டுவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு கொழுந்து ஏற்றப் போய்விட்டார். நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகுதான் பிரஜையானார். 1994இல் மறுபடி வாக்களித்தார். இரண்டு வாக்குகளுக்கும் இடையில் 47 ஆண்டுகள். சென்ற செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்குப் பேத்தி முச்சக்கரவண்டியில் அழைத்துப் போனாள். ஒரு முழத்துக்கு மேல் நீண்ட வாக்குச்சீட்டைக் கண்டு, "இதில் போர்வை தைக்கலாம்" என்று வாக்குச்சாவடியில் சத்தமாகச் சொல்ல, பொறுப்பதிகாரி சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டதை நான் நேரில் பார்த்தேன்.

சங்கத்தோடு அவருக்கிருந்த உறவுக்கு வருகிறேன். 1974, தோட்டங்களில் மக்கள் பசியில் மடிந்த காலம். கீழ் லயத்தில் ஒரு குழந்தை இறந்தபோது பெட்டிக்குப் பலகை வாங்கக் காசில்லை. தேயிலைப் பெட்டியைப் பிரித்துத்தான் அடித்தார்கள். பலகையில் அச்சிட்ட ஆங்கில எழுத்து மண்ணுக்குள் போகும்வரை தெரிந்ததாம். அதன் பின்னர்தான் பதினாறு பேர் மாதம் ஐம்பது சதம் என்று தொடங்கினார்கள். அந்தப் பதினாறு பேரில் எஞ்சியிருந்தவர் இவர் ஒருவரே. முதல் மாதச் சந்தாவுக்காகத் தமக்குக் கிடைத்த போர்ப் பதக்கத்தைப் பண்டாரவளையில் அடகு வைக்கக் கொண்டுபோனார். கடைக்காரர் உரைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளி இல்லை, செம்பும் நிக்கலும்" என்று திருப்பித் தந்தார். உண்மைதான், அந்தப் பதக்கம் அப்படித்தான் வார்க்கப்பட்டது. தாத்தா பனங்கட்டி வியாபாரியிடம் கடன் வாங்கிச் சந்தா கட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. 1983 ஜூலையில் தமிழருக்கெதிரான கலவரத்தில் பதுளை எரிந்தபோது பத்திரங்களைத் தகரப் பெட்டியில் வைத்துத் தேயிலைச் செடியடியில் புதைத்தவர், அதே பெட்டியில் சங்கப் பற்றுச்சீட்டுகளையும் வைத்திருந்தார். பொருளாளர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "தாத்தா, மரணாதாரச் சங்கத்துக்கு உங்களைப் போல் நாலு பேர் இருந்தால் வங்கியே தொடங்கலாம்" என்பார். "நீ முந்திக்கொள்ளாதே, கணக்கு குழம்பிவிடும்" என்று பதில் வரும்.

நவம்பர் 26ஆம் திகதி விடியற்காலையில் காலமானார். அந்த வாரம் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் மாதம் நாம் வாங்கிய புதிய கூடாரம் அன்றுதான் முதல்முறையாக முழு மழையைப் பார்த்தது. மூன்று இடங்களில் ஒழுகியது. விற்றவர்களுக்குக் கடிதம் எழுதியாயிற்று, பெயர் வேண்டாம்.

பெட்டியின் மேல் என்ன போர்த்துவது என்பதில் சிறு வாக்குவாதம் எழுந்தது. தேசியக் கொடி என்றார் ஒருவர், அனுமதி கிடைக்குமா என்றார் இன்னொருவர். சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்கு நான் தொலைபேசி எடுத்தேன், கடிதமும் அனுப்பினேன். சேவை இலக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதி தேவை என்று பதில் வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

தியத்தலாவையில் ஓய்வு பெற்ற சிங்கள அயலவர் ஒருவர், முன்னாள் கோப்ரல், மழைக்கோட்டுடன் வந்தார். தாத்தாவின் சப்பாத்துகள் வாசற்படியோரம் இருந்தன. ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்குத் தாத்தாவே துடைத்து வைக்கும் சோடி, கடைசி இரண்டு வாரம் துடைக்கப்படாமல் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்த மனிதர் யாரிடமும் கேட்காமல் கீழே உட்கார்ந்து, கிவி பொலிஷ் டப்பாவைத் திறந்து, துணியை விரலில் சுற்றி, எச்சில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார். முக்கால் மணிநேரம். தப்பு மேளம் அடித்தவர்கள்கூட ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிறகு சப்பாத்துகளைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்து, நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கொடி பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. தாத்தாவின் பழைய கம்பளிக் கோட்டைப் போர்த்தினோம்.

உதவித்தொகை 40,000 ரூபா மறுநாளே பேத்தியிடம் கொடுக்கப்பட்டது.

சபையின் முடிவுக்காக ஒரு விடயம் பாக்கி இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னர் தாத்தா என் வீட்டுக்கு ஆளனுப்பி, 2025ஆம் ஆண்டு முழுவதற்குமான சந்தா 1,800 ரூபாவை முற்பணமாகக் கட்டி, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பேத்தி வாங்க மறுத்துவிட்டாள். "தாத்தா கட்டியதை நான் எப்படி வாங்குவது?" என்கிறாள். கணக்காய்வாளரோ, இறந்த அங்கத்தவரின் பெயரில் சந்தா வரவு வைக்கச் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிகளில், இடமில்லை என்கிறார். இந்த 1,800 ரூபாவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று சபை இன்றே தீர்மானித்துச் சொன்னால் பொருளாளர் புத்தகத்தை மூடுவார்.

செயலாளர்